துருக்கறை

அம்மாபேட்டையில் பழைய புடவைகளை வெட்டிக் கைப்பை தைத்து விற்கும் லிடியாவுக்கு, ‘விண்டேஜ்’ என்றால் துணி மங்கியிருக்க வேண்டும். மங்காத துணியை டீத்தண்ணீரில் ஊறவைத்து மங்க வைப்பாள். டீ வாசனை லேசாக ஒட்டிக்கொண்டால் அதுவும் பழமைக்குச் சேர்த்தி என்பாள். நிஜமான கறையோ ஓட்டையோ இருந்தால் மட்டும் வெட்டி எறிந்துவிடுவாள்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து கௌசியா தனக்கொரு பை தைக்கக் கொண்டுவந்து கொடுத்தது, இறந்துபோன தன் அம்மாவின் புடவை. அதற்கும் லிடியா அதையேதான் செய்தாள்.

பையை வாங்க வந்த கௌசியா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, தோள்பக்கம் ஒரு துருக்கறை இருந்துச்சே?”

“கறைதானுங்களே அக்கா, வெட்டிப் போட்டுட்டனுங்க.”

“எப்பவும் அந்த எடத்துலதான் அம்மா ஊக்கு குத்துவாங்க. அதுக்காகத்தானுங்க இந்தப் பொடவையவே குடுத்தேன்.”

லிடியாவுக்கு முகம் செத்துவிட்டது. தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணிகளைக் கிளறினாள். கிடைத்தது. எண்ணெய் விட்ட மிஷினை அவளே துடைத்துப் போட்ட துண்டு அது. எண்ணெய்க் கறுப்புக்கு நடுவே துருவும் ஊக்குத் துளைகளும் இன்னும் தெரிந்தன.

“தொவச்சுத் தாரேனுங்க அக்கா.”

“வேண்டாங்க. அப்படியே குடுங்க.”

கௌசியா அதை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு பையை எடுத்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, மேசைமேலேயே வைத்தாள்.

“எங்கம்மா டீயே குடிக்க மாட்டாங்க” என்றாள்.