எங்கள் தெருவின் ஒரு நாள் புகை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கிடைத்தது. உத்திரமேரூரில் எங்கள் வீட்டுத் துவைகல்மேல் ஏறி நின்றால் தாஜுன்னிசாவின் கொல்லை முழுசாகத் தெரியும். துணி உலர்த்துவதற்காக நான் ஏறுவதாகத் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை நான் கெடுத்ததில்லை.

தொடக்கத்தைச் சில விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘பூமி சூடாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்…’ அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் அது எப்போதும் சூடுதான்.

‘அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்…’ வேண்டாம். ஜீப் என்றதும் வாசகர் எழுந்துபோய் ரேஷன் கார்டைத் தேடுவார்.

‘தாஜுன்னிசா ஒரு’

இதற்குமேல் ஓடவில்லை. பாத்திரக்கடை கிதர் முகம்மதுவின் மனைவி. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் சிராஜ் பெண்டாட்டி பிள்ளைகளோடு மெட்ராஸ் போனபோது கேஸ் சிலிண்டரையும் கொண்டுபோய்விட்டான். கொல்லையில் விறகடுப்பு இருக்கிறது. அதன்பிறகு அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. நான் பார்க்காமல் அங்கே எதுவும் நடந்துவிடாது.

2

மெட்ராஸில் ஒரு திட்டம் போட்டார்கள். மாநிலம் முழுவதும் வண்டியும் ஆலையும் அடுப்பும் விடுகிற புகையை வருஷத்துக்கு வருஷம் இவ்வளவு குறைப்பது என்று. நெஞ்சில் போய் அடைக்கிற தூசியும் குறையும், பூமியைச் சூடாக்குகிற காற்றும் குறையும். அதற்கு முதலில் சுத்தமான காற்று எப்படி இருக்கும் என்று தெரியவேண்டும் அல்லவா? அதைத் தேடிக்கொண்டுதான் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். வீட்டுக்கு வீடு விறகடுப்பு, உமியடுப்பு, கொசுவுக்கு வேப்பிலைப் புகை. இருமிக்கொண்டே வந்தவர்கள் தாஜுன்னிசா வீட்டு வாசலில் நின்றார்கள்.

“சமையல் எங்கம்மா பண்றீங்க?”

“ஒருத்திக்கு இன்னாத்துக்கு சார் அடுப்பு?”

காலையில் பன், மத்தியானம் மெஸ் சாப்பாட்டுப் பொட்டலம், ராத்திரி வாழைப்பழம். இதைக் கேட்டதும் அதிகாரிகளின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மதிலுக்கு மேலே பார்த்தேன்.

மொட்டைமாடியில் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. மாவு மில் மாதிரி சத்தம். காற்றை உறிஞ்சி உள்ளே இருக்கிற வெள்ளைத் தாளில் வடிகட்டும். செவ்வாயும் வெள்ளியும் வாலாஜாபாத்திலிருந்து ஆல்பர்ட் என்கிற பையன் பஸ் பிடித்து வந்து, காலையில் தாளை வைத்து மாலையில் எடுத்துக்கொண்டு போவான். நடுவில் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். அவள் கீழ்ப்படியில்.

“உங்க வூட்டுப் பேப்பருதாம்மா எல்லாத்தியும் விட வெள்ளை. மெட்ராஸ் பேப்பரு தோசக்கல்லு மாதிரி கீது.”

“நான் இன்னாப்பா பண்ணேன் அதுக்கு?”

“ஒண்ணும் பண்ணலியே, அதாம்மா.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

[இந்த இடத்தில் ஒரு கட்டுரைக்காரர் கதைக்குள் நுழையப் பார்க்கிறார். இரண்டு வரி அனுமதிக்கிறேன். மற்ற ஊர்க் காற்றெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாஜுன்னிசா வீட்டுக் காற்றை நெருங்கவேண்டும் என்பதே திட்டம். மெட்ராஸ் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றவர் யாரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் அந்த வீட்டுக் காற்று ஏன் அப்படி இருக்கிறது என்பது தாளில் ஒட்டாது. போதும், போய்விட்டார்.]

3

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம். அவளுக்குப் பெருமை தாளைப் பற்றியா, தாளெடுக்க வருகிறவனைப் பற்றியா? ஊதுபத்தியை நிறுத்திவிட்டாள். திங்களும் வியாழனும் மாடிப்படியைப் பெருக்கினாள். விறகு விற்கிற செங்கேணி தெருக்குழாயில் சத்தமாகவே சொன்னாள்:

“செவ்வா, வெள்ளின்னா பாயம்மா மூஞ்சி தேச்ச சொம்பு மாதிரி கீது! என் வெறகுக்குத்தான் போணி இல்ல.”

நானும் சிரித்தேன். (சிரித்தேன் என்றே இருக்கட்டும்.)

4

அறுப்பு முடிந்து வயல்களில் தாளடியைக் கொளுத்தினார்கள். தொடர்ந்து இரண்டு தாள் சாம்பல் நிறத்தில் வந்தது.

“இன்னொரு பேப்பரு இப்டி வந்தா மிஷின பெருநகர் கிராமத்துப் பக்கம் மாத்திடுவாங்கம்மா.”

“அப்போ நீ?”

“மிஷின் எங்கியோ, நானும் அங்கதான்.”

அந்த வாரமே எங்கள் வீட்டுப் போனில் சிராஜ். அவனுக்கு அம்மாவிடம் பேச எங்கள் வீட்டுப் போன்தான். ரம்ஜானுக்குக் குடும்பத்தோடு வருகிறானாம். வாப்பா இருக்கும்போது செய்வாளே, விறகடுப்பில் தேக்சா நிறைய பிரியாணி, அதுதான் வேண்டுமாம். போன ரம்ஜானுக்கும் இதையேதான் கேட்டான். வரவில்லை.

வியாழன் சாயங்காலம் பிறை தெரிந்தது. ஆக, ரம்ஜான் வெள்ளிக்கிழமை. இயந்திரம் ஓடுகிற நாள். “எல்லா ஊர்லயும் ஒரே நாள்ல ஓடணும்மா, நிறுத்த முடியாது” என்று ஆல்பர்ட் முன்பே சொல்லியிருந்தான்.

வருவானோ மாட்டானோ என்கிற மகன் ஒரு பக்கம். தவறாமல் வருகிற ஆல்பர்ட் ஒரு பக்கம். நடுவில் இரண்டு வருஷமாகப் பற்றாத அடுப்பு.

5

முடிவுகள்.

அடுப்பை மூட்டுகிறாள். சிராஜ் வந்து சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விடுகிறான். அடுத்த வாரம் இயந்திரமும் போய்விடுகிறது. மாடியில் நாலு கால் பதிந்த தடம். — இதை எழுதிவிட்டு எனக்கே சோறு இறங்கவில்லை.

மூட்டவில்லை. மருமகள் ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, ‘இதுக்காவா இம்மாந்தூரம்’ என்று

வேண்டாம்.

செங்கேணியிடமும் ஒரு முடிவு இருந்தது. “சுச்ச அணைச்சிட்டு ஆக்கு பாயம்மா. மிஷினுக்கு வாயா கீது சொல்றதுக்கு?”

“பொய்ப் பேப்பரு எடுத்துக்கினு போறதுக்கா அந்தப் புள்ள பஸ்ஸு புடிச்சு வருது? போடி.”

செங்கேணி குழாயடிக்குப் போனாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு திட்டம் போட்டாள். இது நான் கற்பனை செய்ததல்ல. எனக்கு அவ்வளவு புத்தி கிடையாது.

“கவர்மெண்டுதான் திட்டம் போடணுமா? தெருவுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோ பொகைன்னு வெச்சிக்கோ. நாளைக்கி அத்தினியும் பாயம்மாவுக்கு. வேற எந்த வூட்லயும் அடுப்பு பத்தக் கூடாது.”

“அப்போ சோறு?” என்றாள் குழாயடியில் ஒருத்தி.

“தேக்சாவ பெருசா வெக்கச் சொல்லு!”

சேதியைச் சொல்ல என்னை அனுப்பினார்கள். எப்படியும் எட்டிப் பார்க்கத்தானே போகிறாய் என்றார்கள்.

6

வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருவில் எந்தக் கூரையிலும் புகை இல்லை. பால் காய்ச்சக்கூட யாரும் குச்சி உரசவில்லை. கரண்டிச் சத்தமில்லை, தாளிப்பு வாசனையில்லை. தெரு நெடுகப் பார்த்தேன். எல்லா வீடும் தாஜுன்னிசா வீடு மாதிரி இருந்தது. ஒரு காலை நேரம்கூட அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் இரண்டு வருஷமாக உள்ளே இருந்துகொண்டு பார்த்திருக்கிறாள்.

ஆல்பர்ட் தாளை வைத்துவிட்டு மாடியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “அடுப்பு மிஷினுக்கு நேரா கீய கீது. தெருக் கணக்கு செல்லுமான்னு தெர்லம்மா.”

“செல்லலன்னா?” என்றாள் தாஜுன்னிசா.

அவன் சுவிட்சைப் போட்டான். மில் சத்தம் ஆரம்பித்தது.

தொழுகை முடிந்து, மடிப்புக் கலையாத சேலையில் அவள் அடுப்பின்முன் உட்கார்ந்தாள். கடையிருந்த காலத்துப் பெரிய தேக்சா. ஊறின அரிசி. செங்கேணி வீட்டு விறகு. நிமிர்ந்து மதிலைப் பார்த்துக் கேட்டாள்:

“அவன் போன் பண்ணானா?”

“இல்லக்கா. வந்தப்புறம் பத்த வெக்கலாமே?”

“வெந்துக்கினு இருக்கசொல வந்தாத்தாண்டி அது வூடு.”

உரசினாள். விறகு ஈரம்போல, முதலில் புகைதான் வந்தது. மதிலைத் தாண்டி, துவைகல்மேல் நின்ற என் முகத்தைத் தாண்டி, மாடிக்கு ஏறியது. மேலே ஆல்பர்ட் அதைப் பார்த்தான். இயந்திரத்தை அணைக்கவில்லை, தாளையும் எடுக்கவில்லை. அவன் வேலை அதுதான்.

அப்போது எங்கள் வீட்டுக்குள் போன் அடித்தது.

போன் அடித்தால் நான் ஓடுகிற ஓட்டத்தைத் தெருவே கேலி செய்யும். இப்போது துவைகல்லைவிட்டு இறங்கவில்லை. அவள் விசிறியை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். மணி நிற்பதாகத் தெரியவில்லை.

துணி உலர்த்துகிறேன் அல்லவா, என் கை ஈரமாக இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் எடுங்களேன்.