ஈர்க்குச்சி அளவு மூச்சு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் பார்த்திபனுக்கு வேலை. அவன் மகள் இளமதிக்கு ஒன்றரை வயதில் நிமோனியா வந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, மெஷினில் வைத்துக் காப்பாற்றினார்கள். குழாயை எடுத்த அன்று குழந்தை கை நீட்டியதும், அவன் மனைவி கன்னியம்மா நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்த சில வாரங்களில், குழந்தை மூச்சிழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. பஜார் டாக்டர் வீசிங் என்று சொல்லி மருந்துப் புகை பிடிக்க வைத்தார். சத்தம் கூடிக்கொண்டேதான் போனது. ஒரு மத்தியானம் சோறு ஊட்டும்போது உதடு நீலம் பூத்து, நெஞ்சுக்குழி உள்ளே ஒட்டிப்போனது. மறுபடி சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே கழுத்தில் துளை போட்டு, அதில் சின்னக் குழாயைப் பொருத்தி மூச்சு வர வைத்தார்கள்.

"மூச்சுக்குழாய்க்குள்ள தழும்பு ஏறி சுருங்கிப்போச்சு. ஈர்க்குச்சி நுழையற அளவுக்குத்தான் வழி இருக்கு" என்றார் டாக்டர். "போன தடவை வெச்ச குழாய் அழுத்தி வந்த புண்ணு."

"அப்ப அத வெச்சிருக்கவே கூடாதா சார்?"

"வெக்கலன்னா அன்னிக்கே குழந்தை போயிருக்கும்பா."

யார்மீது கோபப்படுவது என்று பார்த்திபனுக்குத் தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு இளமதி அழுதால் முகம் சிவக்கும், கண்ணீர் வழியும். சத்தம் மட்டும் வராது. மூச்செல்லாம் கழுத்துத் துளை வழியாகவே போய்விடும். ஒருநாள் கன்னியம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துத் திரும்பியபோது, குழந்தை வாசற்படியருகே குதிகாலால் தரையை உதைத்துக்கொண்டு கிடந்தது. சளி குழாயை அடைத்திருந்தது. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய உறிஞ்சும் மெஷினை வைத்துச் சளியை எடுத்தாள்.

"இனிமே இத உட்டுட்டு எங்கயும் போமாட்டேன்யா. தண்ணி நீயே புடிச்சாந்து குடு" என்றாள், வேலை முடிந்து வந்த பார்த்திபனிடம்.

நான்கு வயதில் விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்து வைத்து மூச்சுக்குழாயை அகலப்படுத்தினார்கள். மூன்று மாதம் கழித்துக் கேமரா விட்டுப் பார்த்தபோது வழி மறுபடி மூடியிருந்தது.

"இன்னும் வளரட்டும். திரும்பச் செய்யலாம். ஆனா சரியாயிடும்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

திரும்பும் ரயிலில் இளமதி ஜன்னலுக்கு வெளியே மாடுகளைக் காட்டி உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். பொன்னேரி தாண்டியதும் கன்னியம்மா கேட்டாள்.

"அது முன்ன என்னிய எப்பிடிய்யா கூப்புடும்? அந்தக் கொரலு இன்னா பண்ணியும் நெனப்புக்கு வர்ல."

பார்த்திபன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் வரவில்லை.

"நல்லா கூப்புடும்" என்றான்.