புது மெஷின் வரட்டும்

பெண் பார்க்கப் போன நாளில்கூட என் வீட்டுக்காரர் ஸ்ரேயான்ஸ் அப்படித் தவித்திருக்க மாட்டார். ஒரு மெட்டல் டிடெக்டருக்காகத் தவித்தார். திண்டிவனத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மரக்காணம் கடற்கரையில் டிடெக்டரால் மணலைத் துழாவிக்கொண்டு நடப்பார். இதுவரை கிடைத்தது சில்லறைக் காசும் யாரோ தொலைத்த ஒரு வெள்ளி மெட்டியும்தான். பேச்சை மட்டும் கேட்டால் பூமிக்கடியில் இருப்பதெல்லாம் இவருக்கென்றே புதைத்து வைத்தது போலிருக்கும்.

"புது மாடல் வருது ப்ரியா. ஆழம் டபுள். வந்துட்டா இந்தப் பழசைத் தூக்கிப் போட்டுடலாம்" என்பார். கம்பெனிக்காரன் பொங்கலுக்கு என்றான், பிறகு சித்திரைக்கு என்றான், அப்புறம் 'விரைவில்' என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். இவர் அந்த விளம்பர வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் அப்பாவின் மானம் அந்த மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தது.

அனந்தபுரம் பக்கத்தில் எங்கள் நிலம். தாத்தா அதை அப்பா தர்மசந்திரனுக்கும் சித்தப்பா சாந்தனுவுக்கும் வாய்வார்த்தையாகவே பிரித்துக் கொடுத்து, நடுவில் ஓர் எல்லைக்கல்லை நட்டார். நடுவதற்கு முன் குழியை இன்னும் ஆழமாக வெட்டி, உடைந்துபோன வண்டியின் இரும்பு அச்சு ஒன்றைப் போட்டு மூடினார். மேலே கல்லை நகர்த்துகிறவன் அடியில் கிடக்கும் இரும்பை நகர்த்த மாட்டான் என்று அவருக்கு ஒரு கணக்கு.

போர்வெல் போட அளந்தபோது தன் பக்கம் குறைகிறது என்று சித்தப்பாவுக்குத் தோன்றிவிட்டது. அண்ணன் கல்லைத் தள்ளி நட்டுவிட்டார் என்று விழுப்புரம் கோர்ட்டில் கேஸ் போட்டார். தீர்ப்பு வரும்வரை கல்லைச் சுற்றி யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தோண்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் விஷயம், ஆனால் தோண்டக் கூடாது. அப்போதுதான் அப்பாவுக்கு மாப்பிள்ளையின் ஞாபகம் வந்தது. மெஷின் மண்ணைத் தொடாது அல்லவா.

ஸ்ரேயான்ஸ் தன் பழைய மெஷினோடு போனார். ஊரில் பாதிப்பேர் வரப்பில் வந்து நின்றார்கள். கல்லைச் சுற்றிச் சுற்றித் துழாவினார். மெஷின் வாயே திறக்கவில்லை.

"பாத்துக்கினீங்களா எல்லாரும்? இங்க இரும்பு இல்ல. கல்லு நவுந்து வந்துருக்குது" என்றார் சித்தப்பா.

"ஆழம் பத்தல மாமா" என்று என் வீட்டுக்காரர் அப்பாவைத் தேற்றினார். "இது பழைய மாடல். புது மெஷின் வரட்டும், பளிச்சுனு காட்டிடும்."

அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊர் பிடித்துக்கொண்டதோ சித்தப்பாவின் பேச்சை. எங்கள் சமணக் கோயிலில் பகவானுக்கு அபிஷேகம் என்றால் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அது நின்றுபோனது. முதுகுக்குப் பின்னால் 'கல்லு நயினார்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வரப்பில் கிடந்த நாலு மல்லாட்டைக் கடலையைக்கூட அடுத்தவருடையதென்றால் கூப்பிட்டுக் கொடுக்கிற மனுஷன் என் அப்பா.

இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவார். கை கழுவியதும் எனக்குப் போன் வரும். நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்க மாட்டார்.

"மாப்ளைகிட்ட குடும்மா. மெஷின் வந்துச்சாங்க மாப்ளை?"

"இந்த மாசம் கண்டிப்பா மாமா."

போனை வைத்துவிட்டு இவர் சிரிப்பார். "உங்கப்பாவுக்கும் ஆசை வந்துடுச்சு பாரு." ஆசையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடியில் அப்பா போய்விட்டார், மாரடைப்பு. சாவுக்கு வந்த சித்தப்பா தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். அப்பா திருடனாகவே போய்ச் சேர்ந்தார்.

மெஷின் ஐப்பசியில் வந்தது. பெட்டியைப் பிரிப்பதையே வீடியோ எடுத்தார். மறுநாளே ஊருக்குப் போனோம். நானே போய்ச் சித்தப்பாவை அழைத்து வந்தேன். கல்லுக்கு நேராகப் போனதும் புது மெஷின் கத்தியது. நகர்த்தினால் அடங்கியது, கல்லிடம் கொண்டுவந்தால் மறுபடி கத்தியது. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் சொன்னது நெசந்தான்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு சொல்லுக்காகத்தானே அந்த மனுஷன் தினமும் போன் பண்ணினார்.

இவருக்கு அதற்குள் வீடியோ ஞாபகம். "பழசையும் பக்கத்துல வெச்சிக் காட்டினாத்தான் வித்தியாசம் தெரியும். நீ போனைப் பிடி" என்று காரிலிருந்து பழைய மெஷினை எடுத்து வந்தார். ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கல்லருகே நீட்டினார். அதுவும் கத்தியது, அதே இடத்தில்.

நான் போனை இறக்கினேன். "அன்னிக்கு ஏன் கத்தல?"

"அன்னிக்கு பீச் செட்டிங்ல இருந்துருக்கும். மணல்ல ஆணி, பாட்டில் மூடின்னு பேஜாரு பண்ணிக்கினே இருக்கும். அதான் இரும்பு வந்தா சத்தம் போடாதன்னு வெச்சிருப்பேன். இங்க வந்து மாத்த..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

ஒரு பட்டன். அன்றைக்கு அதைத் தட்டிப் பார்க்க இவருக்குத் தோன்றவே இல்லை. புதுசு வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதில் பழசின் மேல் பழியைப் போட்டுவிட்டார். அந்தப் பழி போய் அப்பாவின் தலையில் விழுந்தது. இவருடன் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்த நிமிஷம் இவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சத்தம் கேட்டு அம்மா சந்திரகாந்தா வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். "கத்திடுச்சா? மெஷின் கத்திடுச்சாடி?" என்றாள். சித்தப்பா தலையாட்டியதும் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருக்கணும் மாப்ளை நீங்க. உங்களாலதான் அவரு பேரு நின்னுச்சு. கொஞ்சம் முன்னாடி இது வந்துருந்தா அவரும் காதால கேட்டுட்டுப் போயிருப்பாரு. நீங்க இன்னா பண்ணுவீங்க, கம்பெனிக்காரன் விட்டாத்தானே?"

பழைய மெஷின் இன்னும் இவர் கையில்தான் இருந்தது. இவரே சொல்லட்டும் என்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க அத்தை" என்றார். "ரொம்ப லேட்டாத்தான் விட்டான்."