மஜீது விற்ற தீர்ப்பு

முந்நூற்று எழுபத்திரண்டு வெள்ளி நாற்பது காசு. அப்துல் முத்தலிப் இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று கோர்ட்டே எழுதிக் கொடுத்த தொகை. அந்தத் தீர்ப்பை இப்போது கையில் வைத்திருக்கும் அப்துல் மஜீது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நூருல் அமீன் தன் வாப்பா முத்தலிபைத் தூக்கி உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தான். கப்பல்துறையில் கரிக்கூடை தூக்கிக் காய்த்துப்போன தோளுக்கு அந்த உடம்பு ஒரு கனமாகவே படவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

மஜீது வழக்கம்போல் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலோரம் வைத்தார்.

"என்ன மஜீது, இன்னைக்கு நான் என்ன வெலைக்குப் போறேன்?" என்றார் வாப்பா.

"நேத்தைவிட இன்னைக்குக் கொஞ்சம் எறக்கந்தான் நானா."

இருவரும் சிரித்தார்கள். வாப்பாவின் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

சிராங்கூன் ரோட்டில் வாப்பா வைத்திருந்த துணிக்கடை நொடித்தபோது, சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி வழக்குப் போட்டு ஜெயித்தார். ஜெயித்து என்ன? ஜப்தி செய்யப் போனவர்களுக்கு அளவுகோலும் காலி அலமாரியும்தான் கிடைத்தன. வியாபாரி அலுத்துப்போய்த் தீர்ப்பை மஜீதிடம் தொண்ணூறு வெள்ளிக்குத் தள்ளிவிட்டார். மஜீதுக்கு அதுதான் பிழைப்பு. ஜெயித்தவர்கள் அலைந்து சலித்து விற்கும் தீர்ப்புகளை வாங்குவார். பக்குவமாகப் பேசி வசூலிப்பார். முடியாததைக் கைமாற்றி விடுவார். தீர்ப்புக்கு விலை அதில் எழுதியிருக்கும் தொகை அல்ல. கடன்பட்டவன் ஊரில் இருக்கிறானா, கப்பலேறி விட்டானா, பிடுங்க ஏதாவது வைத்திருக்கிறானா, ஜெயிலுக்குப் பயப்படுகிற ஆளா, உடம்பு எப்படி? இதையெல்லாம் பார்த்துத்தான் விலை. வாப்பாவுக்குக் கடை போயிற்று, விலை இறங்கியது. நெஞ்சுச்சளி கட்டியது, இன்னும் இறங்கியது. சாகக் கிடக்கிறவனை எந்த ஜெயிலில் போடுவது? அமீனின் தங்கை ஜைனபின் கையில் இருந்த ஒரு ஜோடி தங்கக் காப்பு அவளுடைய உம்மா அவளுக்கென்று போட்டுவிட்டுப் போனது. அதைத் தீர்ப்பு தொட முடியாது.

ஆனாலும் மஜீது விற்காமல் வைத்திருந்தார். ஏன் என்று அமீனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவனை வெளியே, வீட்டு முகப்பை ஒட்டிய ஐந்தடிப் பாதைக்கு அழைத்துப்போய், தோளில் கை வைத்துக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதே தம்பி. வாப்பாவோட காலம் முடிஞ்சா, நீ ஜமாஅத்துல நிப்பியா?"

அடக்கத்துக்கு முன் நடக்கும் ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டிய பிறகு, இறந்தவரின் மகன் முன்னால் வந்து நின்று, என் வாப்பா யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள் என்று சொல்வது வழக்கம். கோர்ட்டுச் சட்டத்தில் மகன் தலையில் இந்தக் கடன் விழாது. ஜமாஅத்தின் முன்னால் சொல்லிவிட்டால் விழுந்துவிடும். சொல்லாவிட்டால் வாப்பா கடனோடு மண்ணுக்குள் போவார். சொன்னால், தங்கைக்கு ஒரு கல்யாணம் இல்லை, தனக்கும் இல்லை. கரிக்கூடையை இறக்கிவைக்கும்போது அவனுக்கே நரைத்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன் மஜீது நானா" என்றான் அமீன். உள்ளே திரைக்குப் பின்னால் காப்புகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனான்.

அன்று கப்பல் பலகையில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கேள்வி கூடையில் கூடவே ஏறி இறங்கியது. யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நடைக்குத் தோன்றும். அடுத்த நடைக்குத் தோள் வலிக்கும்.

மறுநாள் விடியற்காலையில் வாப்பா அடங்கினார். குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மூடுவதற்கு முன்னால் ஜைனபைக் கூப்பிட்டார்கள். அவள் முக்காட்டைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாப்பாவின் காதருகே ஏதோ சொன்னாள். அழுகிறாள் என்று அமீன் நினைத்தான். நிமிர்ந்தபோது அவள் கண் காய்ந்திருந்தது.

பள்ளிவாசலில் வரிசை கட்டினார்கள். மஜீது மூன்றாம் வரிசையில் நின்றார். இமாம் அமீனைப் பார்த்தார். அவன் இன்னும் யோசித்து முடித்திருக்கவில்லை. ஆனால் வெள்ளைத் துணிக்குள் வாப்பா அவ்வளவு சின்னதாகக் கிடந்தார். கால்கள் தாமாகவே ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டன.

"எங்க வாப்பா யாருக்காச்சும் கொடுக்க வேண்டியிருந்தா, இனிமே எங்கிட்ட கேளுங்க. நான் கொடுக்கறேன்."

மஜீது நிமிர்ந்து பார்த்தார். அவர் வாய் திறப்பார் என்று அமீன் காத்திருந்தான். அவர் திறக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

மையவாடியில் மண் தள்ளி முடிந்து, எல்லோரும் கலையும்போது மஜீது கைமண்ணைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"உன் தங்கச்சி ஒண்ணும் சொல்லலையா?"

"எதை?"

நேற்று அவன் வேலைக்குப் போன பிறகு பால்காரப் பூவம்மா வந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். ஜைனப் கதவுக்குப் பின்னால் நின்று தீர்ப்புக்கு விலை கேட்டிருக்கிறாள். உங்க நானா வந்து பதில் சொல்லட்டும் என்று மஜீது இழுத்திருக்கிறார்.

"அதுக்கு அது என்ன கேட்டுச்சு தெரியுமா? 'நிக்கிற ஆளா இருந்தா, யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வேலைக்குப் போயிருப்பாங்களா?' எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. பூவம்மா அடகுக்கடையிலேருந்து கொண்டாந்த முப்பத்தஞ்சு வெள்ளிய வாங்கிட்டு, தீர்ப்ப அது பேருக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்." மஜீது குடையை விரித்தார். "என் தொழில்ல ஆளத்தான் எடைபோடணும் தம்பி. உன்ன நான் கொறைச்சுப் போட்டுட்டேன்."

குறைத்துப் போட்டவர் அவர் மட்டுமல்ல என்று அமீனுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அது சரியான எடையாகத்தான் இருந்தது. அவன் வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சோறு மூடியபடி இருந்தது. ஜைனப் வெறுங்கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அமீன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"நான் நின்னுட்டேன் ஜைனப்."

"தெரியும். பள்ளியிலேருந்து வந்தவங்க சொன்னாங்க."

"அப்படின்னா இனி உனக்குத்தான் கொடுக்கணும். மாசாமாசம் கொடுத்துடறேன்."

அவள் கட்டிலோரம் கிடந்த மஜீதின் ஆரஞ்சுகளில் ஒன்றை எடுத்தாள்.

"நான்தான் அந்தக் கடன விட்டுட்டேனே நானா. மொகத்த மூடறதுக்கு முன்னாடியே, வாப்பா காதுல சொல்லிட்டேன்."

நகத்தால் கீறித் தோலை உரிக்கத் தொடங்கினாள். கை இப்படியும் அப்படியும் அசைந்தது, சத்தமே இல்லை. மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. உரித்து முடித்து, பழத்தை இரண்டாகப் பிளந்து, பெரிய பாதியை அவன் பக்கம் நீட்டினாள்.