கங்காணி சொன்ன தோள்வலி

நாலாம் நம்பர் மலையில் காலைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் வரிசையாக வந்து கூடைகளைத் தராசில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிசிலியின் முறை வந்தபோது அவளால் கூடையை முதுகிலிருந்து இறக்க முடியவில்லை. வலது கை இடுப்புக்கு மேல் வர மறுத்தது. பின்னால் நின்ற பூரணி ஓடிவந்து கூடையைத் தாங்கிக்கொண்டாள்.

"என்னா புள்ள, ஒரு கூடைய எறக்க ஒனக்கு ஆள் வேணுமா?" என்று சத்தம் போட்டார், மலையில் வேலையை மேற்பார்க்கும் மரியரட்ணம் கங்காணி.

சிசிலி அவருடைய மனைவி. அதனால்தான் குரலைக் கொஞ்சம் கூடுதலாகவே உயர்த்தினார். கங்காணி பெண்சாதிக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார்.

அது எழுபத்தொன்பதாம் வருடம். தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் மரியரட்ணத்துக்கு நல்ல மனிதர் என்றே பேர். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். ஞாயிறு பூசை தவற விடமாட்டார். ஆனால் பெண்கள் வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்ப மாட்டார். "மலைக்கு வராம இருக்க ஒரு சாக்கு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்.

சிசிலிக்குத் தோள் வலிக்கத் தொடங்கி ஒன்றரை வருடமாகிவிட்டது. தோட்டத்து மருந்துக்காரர், அவள் போகும்போதெல்லாம் நாலு வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, எலும்பில் பழுதில்லை என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"பாத்தியா? ஒண்ணுமில்லன்னு டொக்டரே எழுதிட்டாரு" என்றார் மரியரட்ணம். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்துபோனது. சிசிலிக்கு முடியவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்து டக்ளஸ் மாஸ்டர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். கொழும்பில் சீன வைத்தியம் படித்த ஒரு சிங்கள அம்மா, டொக்டர் நோனா, ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் வைத்தியம் பார்க்கிறாராம். மயிரிழை மாதிரி ஊசி குத்துவாராம். ஊசியில் மருந்து இருக்காதாம். எண்ணெய் தேய்த்து உடம்பும் பிடித்துவிடுவாராம்.

"மருந்தில்லாத ஊசிய எதுக்குக் குத்திக்கிறது?" என்றார் மரியரட்ணம்.

"நான் போறேங்க. நீங்க வராட்டி பூரணியக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

சிசிலி அப்படிப் பேசி அவர் கேட்டதேயில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். டொக்டர் குசும் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். அவருக்குத் தமிழ் வராது. வழக்கமாக மொழிபெயர்த்துச் சொல்லும் நஸீரா என்ற பெண் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். சிங்களம் தெரிந்த யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று டொக்டர் கேட்டார். மரியரட்ணம் எழுந்து நின்றார். அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்பது முதல் கேள்வி.

"கழுத்துல தொடங்கி வெரல் வரைக்கும் இழுக்குதுங்க. தலை சீவ முடியல, மக தான் பின்னி விடுறா. ரொட்டி மாவு பெசைய முடியல. படுத்தா அந்தப் பக்கம் நெருப்பு வச்ச மாதிரி இருக்கு" என்றாள் சிசிலி.

"டிக்கக் ரிதெனவா" என்றார் மரியரட்ணம். கொஞ்சம் வலிக்கிறதாம்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தம்மா அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். வலி உங்களுக்கா, அவருக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "இங்கே உங்கள் வாய் அவருடைய வாய். 'எனக்கு' என்றே சொல்லுங்கள். ஒரு சொல்லும் விடாதீர்கள்."

மரியரட்ணத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னார். எனக்குத் தலை சீவ முடியவில்லை. எனக்கு மாவு பிசைய முடியவில்லை. படுத்தால் எனக்கு நெருப்பு வைத்த மாதிரி இருக்கிறது. சொல்லச் சொல்ல அவருக்கு ஒன்று உறைத்தது. மகள் ஏன் காலையில் அம்மாவுக்குத் தலை பின்னுகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். சிசிலி வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்றர வருசத்துக்கு முந்தி, சர்க்காரு ஒப்பந்தப்படி என் தங்கச்சி குடும்பத்த இந்தியாவுக்கு அனுப்புன அன்னைக்கு. ஸ்டேசன்ல கோச்சி பெட்டி யன்னலுக்குள்ள கைய விட்டு அவ கையப் புடிச்சிக்கிட்டிருந்தேன். கோச்சி நகந்துருச்சு. நான் விடல, கூடவே ஓடுனேன். யாரோ இழுத்து விட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். 'போதும், விடிஞ்சா பெரட்டுக்குப் போகணும்'னாரு இவரு. அதுக்குப் பொறவு நான் அழல. வலிதான் வந்துச்சு. வலிக்குதுன்னா நடிக்கிறேன்னு சொல்றாரு."

டொக்டர் காத்திருந்தார். மரியரட்ணம் தங்கையைப் பற்றிச் சொன்னார், கோச்சியைப் பற்றிச் சொன்னார். மூக்கைச் சிந்திவிட்டு, "நான் அழுதேன். என் புருசன் போதும் என்றார். நான் நடிக்கிறேன் என்கிறார்" என்று சிங்களத்தில் முடித்தார். அவருடைய குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

டொக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. சிசிலியைக் கட்டிலில் படுக்க வைத்து, தோளில் மூன்று, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று என்று ஊசிகளை வைத்தார். ரத்தம் வரவில்லை. கால்மணி நேரம் கழித்து ஊசிகளை எடுத்துவிட்டு, உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, கழுத்திலிருந்து தோள்வரை மெதுவாக அழுத்திப் பிடித்தார். கட்டைவிரல் ஓர் இடத்தில் அழுந்தியதும் சிசிலிக்கு அழுகை பீறிட்டு வந்தது. மரியரட்ணம் பதறி எழுந்தார்.

"விடுங்கள், அழட்டும். ஒன்றரை வருடமாக உள்ளேயே கிடந்தது" என்றார் டொக்டர்.

அழுது ஓய்ந்த சிசிலி அந்தக் கட்டிலிலேயே தூங்கிப்போனாள். அவள் அப்படி வாய் திறந்து அயர்ந்து தூங்குவதை மரியரட்ணம் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு ஞாயிறு வரவேண்டும். குணம் தெரியாவிட்டால் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன். இந்த ஊசியே எல்லாம் என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற நாட்களில் இப்படிப் பிடித்துவிட ஒரு கை வேண்டும்" என்று சொல்லி, டொக்டர் மரியரட்ணத்தின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அந்திக்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கங்காணி பெண்சாதிக்குத் தோள் பிடித்துவிடுகிறார்! குழாயடியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மரியரட்ணத்துக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். மூன்றாம் நாள் புகை மண்டுகிறது என்று சிசிலி கதவைத் திறந்தாள். அவர் மறுபடி சாத்தவில்லை. தேய்க்கும்போது அவள் தங்கையைப் பற்றிப் பேசுவாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆறு ஞாயிறும் போனார்கள். கை தோளுக்கு மேல் உயர்ந்தது. முழுவதும் குணமாகிவிடவில்லை. குளிர் கூடிய நாட்களில் இன்னமும் இழுத்தது. ஆனால் இரவில் தூங்கினாள்.

ஒருநாள் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கும் காளியாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பழக்க தோஷத்தில் கங்காணியிடம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். மரியரட்ணம் அவளைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது? எத்தன நாளா?" என்று கேட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டு, வீட்டுக்கு அனுப்பினார்.

பக்கத்தில் நின்ற வீரய்யா கங்காணி சிரித்தார். "என்னா மரியரட்ணம், நீயும் ஊசி போடுற டொக்டராயிட்டியா? இப்புடிக் கேக்க ஆரம்பிச்சா நாளைக்கு எல்லாப் பொம்பளைக்கும் வலிக்கும்யா."

"எல்லாருக்கும் இன்னைக்கே வலிக்குதுண்ணே. நாம கேக்காததுனால சொல்லாம இருக்காங்க" என்றார் மரியரட்ணம். "வலிக்குதுன்னு ஒருத்தி சொன்னா மொதல்ல அத நம்பணும். ஊசி, எண்ணெ, மாத்திரையெல்லாம் அதுக்குப் பொறவுதான். அந்த நம்பிக்கையக் குடுக்க நான் ஒன்றர வருசம் சுணங்கிட்டேன். நீங்க சுணங்காதீங்க."