பூவாடைக்காரியின் பெயர்

தீபத்தன்று திருவண்ணாமலையில் விருந்தாளி இல்லாத வீடு கிடையாது. மாடி வீடாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஒன்றுவிட்டது இரண்டுவிட்டது எல்லாம் பெட்டியோடு வந்து இறங்கிவிடும். பேகோபுரத் தெருவில் சுப்பிரமணியின் வீட்டுக்கு மாடி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மலையுச்சி மறைப்பில்லாமல் தெரியும்.

எழுபத்தெட்டாம் வருஷத் தீபத்துக்கு அவன் மனைவி வேதா விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள். மலையில் தீபம் ஏறுகிறவரை பெரியவர்கள் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. ஏறியதும் படையல் போட்டாக வேண்டும். வடை, பாயசம், அதிரசம், கருணைக்கிழங்கு மசியல். மசியல் அந்த வீட்டில் யாருக்கும் இறங்காது. உண்ணாமலைக்கு உயிர்.

உண்ணாமலை வேதாவின் அக்கா, சுப்பிரமணியின் முதல் மனைவி. தங்கத்தைப் பெற்றுவிட்டு, பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட நேரமில்லாமல் போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தைக்கு யார் கதி என்று கூடிப் பேசியவர்கள், துக்கம் கேட்க வந்த வாயாலேயே கல்யாணத்தையும் பேசி முடித்தார்கள். வேதாவைக் கேட்டார்களா என்றால், அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? சுப்பிரமணியை அவள் முன்பும் மாமா என்றுதான் கூப்பிட்டாள், பின்பும் மாமா என்றே கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மற்றதெல்லாம் மாறியது. சித்தி என்று கூப்பிட வேண்டிய தங்கம் அவளை அம்மா என்றாள். பிள்ளைக்குத் தெரிந்தால் ஏங்கிப்போய்விடும், வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீடே வாயைக் கட்டிக்கொண்டது. செத்தவளின் போட்டோ பெட்டிக்கு அடியில் போனது. சுமங்கலியாய்ப் போனவள் ஆகையால் அவள் இனி பூவாடைக்காரி, வீட்டுத் தெய்வம். தெய்வத்தைப் பேர் சொல்லக்கூடாது, தெய்வத்தை நினைத்து அழக்கூடாது. நல்ல சட்டம்தான். அக்காவைப் பறிகொடுத்தவள் எங்கே போய் அழுவாள் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

வேதா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மலையில் தீபம் ஏறும்போது ஊரே ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று கத்தும். பக்கத்தில் நிற்பவர் குரல்கூடக் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் அவள் வாய்விட்டு ‘அக்கா’ என்று கூப்பிடுவாள். கண்ணீர் வந்தால் பக்தி என்று விட்டுவிடுவார்கள். வருஷம் முழுக்க அடக்கிவைத்தது அந்த ஒரு கூப்பாட்டில் கொஞ்சம் கரையும்.

“ம்மா, இந்த வருசமாச்சும் கொழந்தகிட்ட சொல்லிடலாமா?” என்று வடை தட்டிக்கொண்டே தன் அம்மா ஜோதியம்மாளிடம் கேட்டாள்.

“இன்னாடி பேசற, நல்ல நாளும் அதுவுமா? உன்னையே அம்மானு ஒட்டிக்கினு கெடக்குது. அதக் கெடுக்காத.”

“எனக்கு மூச்சு முட்டுதும்மா.”

“அடுப்புப் பொகை. ஜன்னலத் தொற.”

சாயங்காலம் மாடியில் நிற்க இடமில்லை. எதிரே முதுகுகளாக இருக்க, எதுவும் தெரியவில்லை என்று தங்கம் அழுதாள்.

“மாமா, நீங்க தூக்கிக்கோங்க,” என்றாள் வேதா பதறி.

“மாட்டேன், அம்மாகிட்டதான்,” என்று பிள்ளை அவள் மேலேயே ஏறிக்கொண்டது. இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதை அவள் வாயோரம் வைத்துக்கொண்டது.

இந்த வருஷம் வாயைத் திறப்பதில்லை என்று வேதா பல்லைக் கடித்துக்கொண்டாள். மலையுச்சியில் சுடர் எழுந்தது. ஊர் முழங்கியது. கடித்த பல் கடித்தபடி இருக்க எவ்வளவோ பார்த்தாள், முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது.

சத்தம் ஓய்ந்ததும் தங்கம் கேட்டாள், “அம்மா, யார அக்கானு கூப்ட்ட?”

சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“சாமியத்தான் கண்ணு,” என்று ஜோதியம்மாள் முந்திக்கொண்டாள். “கீழ படையல் போடறோமே, அந்தச் சாமிய.”

“அது பேரு அக்காவா ஆயா?”

“ஆமா. அக்கா.”

நடுவீட்டில் இலை போட்டு, புதுச்சேலையை மடித்து வைத்து, பூ வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பூவாடைக்காரி வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்துவதற்கு முன்னால் எல்லாரும் மனசுக்குள் அழைப்பது வழக்கம். தங்கம் கைகூப்பிக்கொண்டு உரக்க அழைத்தாள்.

“அக்கா! வாக்கா. வந்து சாப்டுக்கா.”

பெற்றவளை மகள் அக்கா என்றாள். சுப்பிரமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஜோதியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். திருத்த ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. திருத்தினால் எல்லாமே அவிழ்ந்துவிடும்.

தங்கம் வேதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “நீயும் கூப்டும்மா. நீ கூப்ட்டாதான் வரும்.”

இனி ஊர்ச் சத்தத்துக்குள் ஒளிய வேண்டியதில்லை. எல்லார் எதிரிலும் கூப்பிடலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் வேதாவுக்கென்று மிச்சமிருந்த ஒரே சொல்லையும் பிடுங்கிச் சாமிக்குப் பேராக வைத்துவிட்டார்கள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றாள்.

“சத்தமா கூப்டும்மா,” என்றாள் தங்கம்.