இவர் கழுத்தில் என் தாலி

இவர் கழுத்தில் என் தாலிச்சங்கிலி, காக்கிச் சட்டைக்கு மேலே, முறுக்கு மீசைக்குக் கீழே, திருநெல்வேலி பஸ் ஓட்டுகிற மனுஷன் ஸ்கேன் அறை வாசலில் கல்யாணப் பெண்ணைப்போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார், உள்ளே குழாய்க்குள் கண்மூடிப் படுத்திருக்கும் எனக்கு அது தெரிகிறது, சிரிக்காதே, ஆடினால் படம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இது இரண்டாம் தடவை, மாத்திரைக்கு மண்டைக்குள் இருக்கும் கட்டி கரைந்திருக்கிறதா என்று பார்க்க, கரையாவிட்டால் கத்திதான், முதல் தடவை வந்தபோது எங்கே சிரிப்பு, கட்டி கண் நரம்பை அழுத்தி, எதிரில் நிற்பவர் முகம் பாதிதான் தெரிந்த நாட்கள், ஸ்கேனுக்குத் தங்கம் ஆகாது என்றதால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன், சங்கிலியைப் பெட்டியில் பூட்ட மாட்டேன், உசிருள்ள கழுத்துலதான் கிடக்கணும் என்று அழுதேன், ஏட்டி, இங்க கொண்டா என்று இவர் வாங்கி மாட்டிக்கொண்டார், படம் எடுக்கும் எஸ்தர் என்னைத் தடவிப் பார்த்து, ஐயோ அக்கா, இது என்ன என்று அலறினாள், தங்கம் ஆகாதென்று கட்டின கயிற்றிலேயே, பழக்கதோஷம், இரும்பு ஊக்குகளைக் கோத்து வைத்திருக்கிறேன், காந்தம் இழுத்திருக்குமேக்கா என்று திட்டிக்கொண்டே கழற்றினாள், பிறகு அந்த இடி, மண்டையைச் சுற்றி டமடமவென்று, நடுங்கினேன், இவர் விரலும் இப்படித்தான் நடுங்கியது, அன்று கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்போது, முதல் முடிச்சே வழுக்கி, மிச்சத்தை நாத்தனார் போட, ஊரே சிரித்தது.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் சேர்த்துவைக்கிறார், முன்னே புளியங்கொட்டை, இப்போது மிளகு, மருந்து கேட்டிருக்கும்மா, நரம்பை விட்டு விலகிருச்சு, ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையை நிப்பாட்டாதீங்க, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாப்போம் என்கிறார், எனக்குச் சந்தோஷத்தில் காலே தரையில் இல்லை, இவரோ தெருவுக்கு ஓடி அல்வாப் பொட்டலத்தோடு திரும்புகிறார், கடைக்காரன் கேக்கான் ஏட்டி, என்ன அண்ணாச்சி, உங்களுக்கு எப்பக் கல்யாணம்னு, அப்போதுதான் கழுத்தைத் தடவிப் பார்த்தாராம், கொண்டாங்க, நானே போட்டுக்கிடுதேன் என்கிறேன், சும்மா இருட்டி என்று அதே ஸ்கேன் அறை வாசலில் நின்று சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போடுகிறார், முடிச்சுப் போட ஒன்றுமில்லை, ஆனாலும் விரல் நடுங்குகிறது, முகம் முழுசாகத் தெரிகிறது, மீசையின் இரண்டு முனையும், ஈரமான இரண்டு கண்ணும், உள்ளே அடுத்த ஆளுக்கு எந்திரம் டமடமவென்று தொடங்குகிறது, என்னை நடுங்கவைத்த அதே இடி, இன்றைக்குக் கெட்டிமேளம், தன் முறைக்குக் காத்திருந்த ஓர் அம்மா சட்டென்று குலவை போடுகிறாள்.